அவர் சொன்னதும் நான் சொன்னதும்

நான் பொய் சொன்னேன். நீதிமன்றத்தில், உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு, தெரிந்தே பொய் சொன்னேன். அந்தப் பொய்யை இன்னொரு மனிதருடைய வாயில் வைத்தேன். தண்டனையை அவர் அனுபவித்தார்.

இதைச் சுற்றிவளைத்துத் தொடங்க எனக்குத் தெம்பில்லை. இத்தனை காலம் சுற்றிவளைத்தது போதும்.

நான் லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். நீதிமன்றங்கள், பொலிஸ் நிலையங்கள், புரொபேஷன் அலுவலகங்கள்... எங்கே தமிழர் ஒருவர் வாய் திறக்க முடியாமல் நிற்கிறாரோ அங்கே நிறுவனம் என்னை அனுப்பும். அவர் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவர் திட்டினால் நானும் திட்ட வேண்டும். அவர் கெஞ்சினால் நானும் கெஞ்ச வேண்டும்.

அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு வரவில்லை.

அவரைச் சிவநேசன் என்று அழைக்கிறேன். அது அவருடைய பெயர் அல்ல. நாற்பது வயதிருக்கும். வன்னியிலிருந்து வந்தவர். மேற்கு லண்டனில் ஒரு தமிழ் முதலாளியின் பலசரக்குக் கடையில் மூட்டை இறக்கினார், தட்டுகளில் சாமான் அடுக்கினார், மீன் வெட்டினார். அந்த முதலாளி அவருக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. கேட்கப் போன இடத்தில் வாக்குவாதம். சிவநேசன் தள்ளியதில் முதலாளி அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

தள்ளியது உண்மை. சிவநேசன் அதை மறுக்கவில்லை. முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்த நாட்டில் இப்படிப்பட்ட ஒருவரை உடனே சிறைக்கு அனுப்பிவிட மாட்டார்கள். புரொபேஷனில் விடுவார்கள். ஓர் அதிகாரியைக் குறித்த நாட்களில் போய்ப் பார்க்க வேண்டும். சனிக்கிழமைகளில் செம்மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு பூங்காவிலும் தெருவிலும் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். கேட்பதற்கு இரக்கமான தண்டனை போலத்தான் இருக்கும். ஆனால் அதனுடன் கட்டணங்களும் வரும்! வழக்குச் செலவு, பாதிக்கப்பட்டோர் நிதிக்கு ஒரு தொகை, அடிபட்டவருக்கு நட்டஈடு. சிறைக்குப் போகாமல் இருப்பதற்கு ஏதோ வாடகை கட்டுவது போல.

அன்று மூன்று நீதவான்கள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் நரைத்த தலையுடன், அவசரமில்லாத மனிதர். ஓரத்தில் இருந்த பெண்மணியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது... எங்கள் ஆள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவராக இருக்க வேண்டும். பட்டுப்போன்ற கழுத்துத்துணி, காதில் சிறிய வைரத் தோடு, நிமிர்ந்த முதுகு. அவருக்குத் தமிழ் எவ்வளவு விளங்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு முன்னால் நான் என் முதுகையும் நிமிர்த்திக்கொண்டேன். அதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

தொகைகளை வாசித்து முடித்துவிட்டு, நடுவில் இருந்தவர் கேட்டார். "இதை உங்களால் கட்ட முடியுமா? உங்கள் நிலைமை என்ன? ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

நல்ல கேள்வி. உண்மையாகவே பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி. நான் அதைச் சரியாகவே தமிழில் சொன்னேன்.

சிவநேசன் இரண்டு கைகளையும் குவித்தார். "ஐயா, என்னட்டை இப்ப ஒண்டும் இல்லை. வேலையும் போட்டுது. அந்த முதலாளி எனக்கு மூண்டு மாசச் சம்பளம் இன்னும் தரேல்லை. அதைக் கேக்கப் போய்த்தான் இவ்வளவும் வந்தது. நான் தள்ளினது பிழைதான் ஐயா. ஆனா அவருக்கு நான் காசு குடுக்கிறதெண்டா எங்கையிருந்து குடுக்கிறது? எனக்குத் தரவேண்டிய சம்பளத்தில கழிக்கச் சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

சொல்லிக்கொண்டே அழுதார். மூக்கு ஒழுகியது. முழங்கால்கள் மடிந்தன. விழுந்துவிடுவாரோ என்று காவலர் ஓரடி முன்னே வந்தார்.

அறை முழுவதும் அவரைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. ஓரத்தில் இருந்த பெண்மணி கண்ணைத் தாழ்த்தித் தன் பேனாவைப் பார்த்தார்.

நான் சொன்னேன். தெளிவான, அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். "தாம் செய்தது தவறு என்று ஏற்றுக்கொள்கிறார். மனம் வருந்துகிறார். பணத்தைக் கட்டிவிடுவதாகச் சொல்கிறார். சிறிது அவகாசம் கேட்கிறார்."

அவ்வளவுதான். சம்பளம் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை.

நடுவில் இருந்தவர் தலையசைத்தார். அவர் முகத்தில் ஒரு மதிப்புக்கூடத் தெரிந்தது! அவகாசம் கொடுத்தார். தொகையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. குறைக்க அவருக்கு என்ன காரணம் இருந்தது? நான் ஒரு காரணத்தையும் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லையே.

ஏன் அப்படிச் செய்தேன்?

களைப்பு என்று சொல்லலாம். காலையிலிருந்து அது எனக்கு இரண்டாவது நீதிமன்றம். ஆனால் களைத்த மொழிபெயர்ப்பாளர் சொற்களைத் தவறவிடுவார். நான் தவறவிடவில்லை. தெரிந்தெடுத்தேன்.

உங்களிடம் உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரால் வெட்கமாக இருந்தது. எங்கள் ஆள் ஒருவர் அந்த மேசைக்கு முன்னால் மூக்கு ஒழுக அழுவதை என்னால் தாங்க முடியவில்லை. அவரை நான் காப்பாற்றுகிறேன் என்றே அந்தக் கணத்தில் நினைத்தேன். அவருடைய மானத்தை... இல்லை! என்னுடைய மானத்தை.

இது எனக்குப் பழைய பழக்கம். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் ஆங்கிலம் வந்தது. வீடு கேட்டு அப்பாவுடன் கவுன்சில் அலுவலகத்துக்குப் போவேன். அப்பா அந்த அதிகாரியிடம், "உங்கட காலில விழுறன், பிள்ளையளோட றோட்டில நிக்கிறம்" என்பார். நான் பள்ளிக்கூட உடுப்புடன் பக்கத்தில் நின்று, "என் தந்தை உங்கள் உதவிக்கு நன்றியுள்ளவராக இருப்பார்" என்பேன். அதிகாரி புன்னகைப்பார். எங்கள் விண்ணப்பம் மற்றவர்களுடையவற்றுக்குப் பின்னால் போகும். பூஞ்சணம் பிடித்த ஓர் அறையில் நாங்கள் நெடுங்காலம் இருந்தோம். அப்பா எனக்குத்தான் நன்றி சொல்வார். நான் நன்றாகப் பேசுவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், பாவம்.

அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிவநேசனுக்கு ஹவுன்ஸ்லோ பக்கம், விமான நிலையத்துக்கு அருகில், ஒரு சரக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது. நிரந்தரமில்லாத வேலை. ஷிப்ட் வந்தால் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை ஷிப்டுக்குக் கூலி அதிகம். அவர் சனிக்கிழமைகளில் கிடங்குக்குப் போனார், நீதிமன்றம் சொன்ன பணத்தைக் கட்டுவதற்காக. அதே சனிக்கிழமைகளில் செம்மஞ்சள் மேலங்கியுடன் அவர் பூங்காவில் நின்றிருக்க வேண்டும், நீதிமன்றம் சொன்ன வேலையைச் செய்வதற்காக.

ஒன்றைச் செய்தால் மற்றது முறியும். அவர் பணத்தைத் தெரிந்தெடுத்தார். பணம் கட்டாவிட்டால் வீட்டுச் சாமான்களைத் தூக்கிப்போகப் பெய்லிப் வருவான் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அவருடைய புரொபேஷன் அதிகாரி ஓர் இளம்பெண், எத்தனையோ பேரைப் பார்க்க வேண்டியவள். முதலில் எச்சரித்தாள். திரும்பவும் எச்சரித்தாள். பிறகு வழக்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினாள். அவளைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி?

நிறுவனம் மறுபடியும் என்னையே அனுப்பியது. அந்தப் பக்கம் எங்கள் மொழிக்கு ஆட்கள் குறைவு. போகாமல் விட்டிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். போனேன். ஏதாவது ஒரு வழியில் சரிசெய்யலாம் என்று பேருந்தில் இருந்தபோது நினைத்ததாக ஞாபகம்... அல்லது அப்படி நினைத்ததாகப் பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டேனோ தெரியாது.

இம்முறை வேறு நீதவான்கள். நடுவில் ஒரு பெண். முந்தைய பதிவைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பணத்தைக் கட்டிவிடுவதாக நீங்களே இந்த நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறீர்கள். முடியாது என்றால் அன்றே சொல்லியிருக்கலாமே? இப்போது அதைக் காரணம் காட்டி, நீதிமன்றம் கொடுத்த வேலைக்கு வராமல் விட்டிருக்கிறீர்கள்."

நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. பயிற்சி அப்படி.

சிவநேசன் நீதவானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் எப்ப அக்கா அப்பிடிச் சொன்னனான்? ஏலாது எண்டெல்லோ சொன்னனான்! சம்பளம் தரேல்லை எண்டும் சொன்னனான். நீங்களும் பக்கத்தில நிண்டனீங்கள்தானே. சொல்லுங்கோ அக்கா... நான் சொன்னதை இவைக்குச் சொல்லுங்கோ."

உங்களுக்கு விளங்குகிறதா? அந்த அறையில் தமிழ் விளங்கியது எங்கள் இருவருக்கும் மட்டும்தான். எனக்கு எதிராக அவர் சொன்ன சாட்சி, என் வாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வேறு வழி அதற்கு இல்லை.

"மொழிபெயர்ப்பாளரே?" என்றார் நீதவான்.

முதல் நாள் செய்ததை அரை மனத்தோடு, வெட்கத்தில், ஒரு கணத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பப் பார்க்கலாம். இது அப்படியில்லை. எனக்கு நேரம் இருந்தது. மூச்சு எடுத்தேன். என் வேலை, என் பெயர், இத்தனை வருடம் ஈட்டிய நம்பிக்கை, பொய்ச்சத்தியம் என்ற சொல்... எல்லாம் வரிசையாக வந்து போயின. அவருடைய முகம் கடைசியில்தான் வந்தது.

"அவர் மன்னிப்புக் கேட்கிறார்," என்றேன். "தம்மால் இயன்றதைவிடக் கூடுதலாக ஏற்றுக்கொண்டுவிட்டதாகச் சொல்கிறார்."

அவருக்காக வந்திருந்த சட்டத்தரணி அன்று காலையில்தான் அவரை முதன்முதலாகக் கண்டவர். தம்மால் இயன்றதைச் சொன்னார். நீதிமன்றத்தின் நம்பிக்கையைத் தெரிந்தே மீறியதாகச் சொல்லி, சில வாரங்கள் சிறைத்தண்டனை கொடுத்தார்கள். புதிய வழக்குச் செலவையும் பழையதுடன் சேர்த்தார்கள்.

அதன்பிறகு, கீழேயிருந்த தடுப்பறையில் சட்டத்தரணி விளக்கம் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். சட்டத்தரணியின் தொலைபேசி அடித்தது. அவர் வெளியே போனார். நாங்கள் இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும்.

சிவநேசன் மெதுவாகக் கேட்டார். "அக்கா, நான் சொன்னதை அவைக்குச் சொன்னனீங்களோ?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டார்.

"ஓம்," என்றேன். "சொன்னனான். அவை கேக்கேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலை குனிந்தார். "அப்ப சரி அக்கா. நீங்கள் என்ன செய்வியள்."

நீதிமன்றத்தில் சொன்னவை ஆங்கிலப் பொய்கள். இது தமிழில் சொன்னது. அவர் முகத்துக்கு நேரே, அவருடைய மொழியிலேயே சொன்னது. மற்றவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் தேடிவிடுகிறேன். இதற்கு மட்டும் ஒன்றும் அகப்படுவதில்லை.

அவர் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, ஆர்ச்வே முருகன் கோயிலில் அவர்களைக் கண்டேன். அவரும் மனைவி மாலினியும் கீழ்மண்டபத்தில் சாப்பாட்டுக்கு நின்றிருந்தார்கள். நான் காணாதது போல விலகப் பார்த்தேன். மாலினிதான் ஓடிவந்து கையைப் பிடித்தாள். அதற்கு முன் நாங்கள் பேசியதில்லை. முதல் நாள் நீதிமன்றத்தில் பின்வரிசை வாங்கில் இருந்து என்னைப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, உங்களை இவர் ஒவ்வொரு நாளும் சொல்லுவார். நீங்கள் இல்லாட்டி இன்னும் கூடத் தண்டனை குடுத்திருப்பாங்களாம். எங்களுக்கெண்டு கதைக்க ஆர் இருக்கினம்?"

அவள் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு கிடந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"கொடியை வித்தாச்சு அக்கா. அப்டன் பார்க்கில, ஒரு நகைக்கடையில. முதலாளியின்ர நட்டஈட்டை முழுக்கக் கட்டிப்போட்டம். கோட்டுக்குக் கட்டுற காசுதான் மிச்சம் கிடக்கு." சிரிக்கப் பார்த்தாள். "பறுவாயில்லை. ஆள் வீட்டை வந்திட்டார்தானே."

சம்பளம் கொடுக்காத ஒருவருக்கு, தாலிக்கொடியை விற்று நட்டஈடு! நான் இரண்டு வாக்கியத்தை ஒழுங்காக மொழிபெயர்த்திருந்தால்... அவர்கள் குறைத்திருப்பார்களா? நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. குறைக்காமலும் விட்டிருக்கலாம். இந்த நிச்சயமின்மைக்குள் நான் அடிக்கடி போய் ஒளிந்துகொள்வேன்.

சிவநேசன் பக்கத்தில் நின்ற ஓர் இளைஞனுக்கு என்னவோ புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழுந்தது. "அங்க போய் ஒண்டும் விளங்கப்படுத்தாதை தம்பி. நான் முழுக்கச் சொல்லிப் பாத்திட்டன், அவை கேக்கிற ஆக்களில்லை. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா."

நான் கும்பிடாமலே கோயிலை விட்டு வெளியே வந்தேன்.

சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். விசாரித்தேன்! எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி, மலேசியத் தமிழர், நல்ல மனிதர். வேறு யாருக்கோ நடந்தது போல அவரிடம் கேட்டேன்.

"மொழிபெயர்ப்பாளரே வந்து உண்மையைச் சொன்னா, கேஸைத் திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம்," என்றார்.

"அப்பிடிச் சொல்லுறவருக்கு என்ன நடக்கும்?"

"அவங்களுக்கா? வேலை போயிடும். பொய்ச்சத்தியம்னு அவங்க மேலயே கேஸ் வரலாம். ஏன், யாருக்காச்சும் பிரச்சினையா?"

"இல்லை. சும்மா கேட்டனான்."

சும்மா கேட்டேன். சும்மாவே வீட்டுக்கு வந்தேன். கணவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவருக்கு இதுவரை ஒன்றும் தெரியாது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், இல்லை. போன மாதம் சிவநேசனை மிச்சப் பணத்துக்காக மறுபடியும் நீதிமன்றம் கூப்பிட்டது. இம்முறை நிறுவனம் தற்செயலாக என்னை அனுப்பவில்லை. "அந்த அக்காவையே விடச் சொல்லுங்கோ" என்று அவரே கேட்டாராம்.

நீதவான் நல்லவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார். நிலைமை கஷ்டம் என்றால் தவணையைக் குறைக்கலாம், ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் யோசிக்கலாம், ஆனால் அவர் தம் நிலைமையைச் சொல்ல வேண்டும் என்றார். "சொல்லுங்கள். இந்தப் பணத்தை இப்போது இருக்கிறபடியே உங்களால் கட்ட முடியுமா?"

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். முழுவதையும் தமிழில் சொன்னேன். தள்ளுபடி என்ற சொல்லை அழுத்திச் சொன்னேன். இம்முறை அவர் எதைச் சொன்னாலும், அழுதாலும், மண்ணில் விழுந்து புரண்டாலும், அப்படியே சொல்லிவிடுவது என்று நகத்தை உள்ளங்கையில் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

சிவநேசன் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக நீதவானைப் பார்த்தார். தோளைத் தளர்த்தி, மரியாதையாக, ஆங்கிலத்திலேயே சொன்னார்.

"யெஸ் சேர்."

நீதவான் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "மொழிபெயர்ப்பாளரே, நான் கேட்டது அவருக்கு விளங்கியதா?"

இத்தனை வருடங்களில் நீதிமன்றம் என்னை நோக்கிக் கேட்ட கேள்விகள் மிகச் சில. அந்தப் பதிலை யாருடைய வாயிலிருந்தும் நான் எடுத்துத் தர வேண்டியதில்லை. என் சொந்த வாயால் சொல்லலாம். ஐயா, அவருக்கு விளங்கியது. உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று அவர் நம்புகிறார். அப்படி நம்பவைத்தவள் நான்... சொல்லியிருக்கலாம். கதவு திறந்தேதான் கிடந்தது.

"ஆம். விளங்கியது," என்றேன்.

அது பொய்யில்லை. சிவநேசனுடைய வழக்கில் நான் சொன்ன உண்மைகளில் அதுவும் ஒன்று. எவ்வளவு துல்லியமான உண்மை!

நீதவான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தொகை அப்படியே நின்றது.

உங்களிடம் இதைச் சொல்வதால் என்ன ஆகப்போகிறது? நீங்கள் நீதவான் இல்லை. சிவநேசனும் இல்லை. சொல்ல வேண்டிய இடம் எது என்று எனக்குத் தெரியும். அங்கே போகக் கால் எழவில்லை. அதனால் இங்கே வந்து சொல்கிறேன். இதுவும் ஒரு வகைக் கோழைத்தனம்தான் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அன்று நீதிமன்றத்திலிருந்து இருவரும் ஒரே பேருந்தில்தான் ஏறினோம். சரியான கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரேயோர் இருக்கை காலியாக இருந்தது. அவருக்கு அன்று பிற்பகல் ஷிப்ட். முந்தின இரவு ஷிப்ட் முடிந்து நேராகவே வந்திருந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன.

"நீங்கள் இருங்கோ அக்கா," என்றார். "காலமை முழுக்க எனக்காக நிண்டு களைச்சுப்போனியள்."

நான் உட்கார்ந்தேன். ஹவுன்ஸ்லோ வரும்வரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினார்.